சானிடைசர் கிடைக்காத நாட்களில் அதை வீட்டிலேயே தயாரிக்க முடிந்ததா?

2020 மார்ச்சில் சானிடைசருக்குத் தட்டுப்பாடு வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள், அதை வீட்டில் தயாரிப்பது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கக்கூடியதுதான், ஆனால் கையில் கிடைத்த ஆல்கஹால் எந்த வகை, அதன் செறிவு எத்தனை சதவீதம் என்ற இரண்டும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த முயற்சியைக் கைவிட்டுச் சோப்புக்குத் திரும்புவதே நல்லது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் எங்கள் வீடு. மத்திய அரசு மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அடுத்த வாரமே 200 மில்லி புட்டியை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றும் அறிவித்தது. விலை குறைந்தது, சரக்குத்தான் வரவில்லை. மருந்துக்கடை நடத்தும் என் அத்தானே, கடையில் பணம் வாங்கிப் போடும் கைக்குத் தேய்த்துக்கொள்ள ஒரு சொட்டுக்கூட இல்லாமல் இருந்தார் என்றால் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைகளின் வடிசாலைகளுக்கு உரிமம் கொடுத்துச் சானிடைசர் தயாரிக்கச் சொன்ன பிறகுதான் நிலைமை மெல்லச் சீரானது.

இதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது யாருக்குத் தேவை என்பதுதான். தண்ணீரும் சோப்பும் பக்கத்தில் இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடுதான் சானிடைசர். கொரோனா கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. அந்த உறையைச் சோப்பு குலைத்துவிடுவதால், 20 வினாடி தேய்த்துக் கழுவினாலே கிருமி செயலிழந்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை. துட்டி கேட்டுவிட்டு வருகிறவர்கள் கை கால் கழுவாமல் படியேறக் கூடாது என்பது எங்கள் அப்பத்தா காலங்காலமாகப் பிடித்துவந்த கண்டிப்பு. அதற்காக வாசலில் இருந்த தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பை வைத்ததோடு வீட்டின் ஏற்பாடு முடிந்தது. அப்பத்தா அதோடு விடாமல், மஞ்சள் நீரில் வேப்பிலையைப் போட்டு அதிலேயே கையை நனைத்தால் போதும் என்றார்கள். "அது வாசலுக்கு இருக்கட்டும் அப்பத்தா, கைக்குச் சோப்பே போடுவோம்" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம்.

ஆக, தேவை இருந்தது அத்தானைப் போல நாள் முழுவதும் நோட்டுகளையும் பிறர் தொட்ட சீட்டுகளையும் வாங்கிப் போடுகிறவர்களுக்குத்தான். அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்முறை, இரண்டு பங்கு ஸ்பிரிட்டுடன் ஒரு பங்கு சோற்றுக்கற்றாழைச் சாற்றைக் கலக்கச் சொன்னது. சானிடைசரில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்பிரிட் 99 சதவீதமாக இருந்தால் அந்தக் கலவை 66 சதவீதத்தில் நிற்கும். 70 சதவீத ஸ்பிரிட்டை எடுத்து அப்படியே கலந்தாலோ 47-க்கு இறங்கிவிடும். கை குளிரும், வாசனையும் வரும், கிருமியைக் கொல்வதற்கு மட்டும் அதை நம்ப முடியாது. பிராந்தியைத் தேய்க்கலாமே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம்தான் என்பதால் அது எதையும் கலக்காமலேயே தோற்றுவிடுகிறது.

செட்டிநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பழைய வீடுகளின் தேக்குத் தூண்களுக்கும் கதவுகளுக்கும், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கும் மரச்சாமான்களுக்கும் பாலிஷ் போடும் ஆசாரிகள், அவலரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வைத்திருப்பார்கள். மருந்துக்கடையில் இல்லாத ஸ்பிரிட் ஆசாரியிடம் கேன் கேனாக இருக்கிறதே என்று சிலருக்கு யோசனை போனது. குடிக்கக் கூடாது என்பதற்காகவே நஞ்சூட்டப்பட்ட சரக்கு அது. அதில் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கண் பார்வையைப் பறிக்கும். பெயிண்ட் தின்னரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மெத்தனால் கலந்த சானிடைசர்களைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டபோது, ஆசாரியின் கேனை எங்கள் வாசலிலேயே நிறுத்தியது சரிதான் என்று தோன்றியது.

செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ என்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சரியான பொருள்தான். நண்பர் ஒருவர் கடையிலிருந்து கொடுத்த புட்டியில் சதவீதம் அச்சிடப்படவில்லை. "மாப்பிள்ளை, சீட்டில்லாத புட்டியை நான் மருந்தாக எண்ண மாட்டேன்" என்று அத்தான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மருந்தாளுநருக்கு அந்தப் பிடிவாதம் அழகு. பிறகு மதுரை மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து 99.8 சதவீதம் என்று அச்சிட்ட புட்டி வந்து சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை மருந்தாளுநர்களுக்காக எழுதப்பட்டது. அதன்படி ஒரு லிட்டருக்கு ஐபிஏ 751.5 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 41.7 மில்லி, கிளிசரின் 14.5 மில்லி, மீதி கொதித்து ஆறிய தண்ணீர். நம் கடைகளில் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதமாகவே கிடைப்பதால் அதில் பாதி அளவுதான் எடுக்க வேண்டும். பெராக்சைடு புட்டிக்குள் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளை அழிப்பதற்கு, கிளிசரின் தோல் வறளாமல் இருப்பதற்கு. தண்ணீர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். தூய ஆல்கஹால் கையில் பட்டதும் ஆவியாகிவிடும், தண்ணீர் சேர்ந்தால்தான் கிருமியின் புரதத்தைச் சிதைக்க அதற்கு நேரம் கிடைக்கும். கலந்த பின் 72 மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்கிறது அந்தக் குறிப்பு. கலக்கும் வேலையை அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான முற்றத்தில் வைத்துக்கொண்டோம். சித்திரை வெயிலில் அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். தேய்த்த கை முழுதாக உலர்வதற்கு முன் விளக்கேற்றுவதும் கூடாது.

ஐபிஏ கிடைக்காதவர்களுக்கு நாங்கள் சொன்ன வழி எளிமையானது. ஒரு புட்டியில் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஏப்ரலில் நிவாரணத் தொகையான ஆயிரம் ரூபாய்க்காக ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களில் சிலர் இந்த இரண்டையும் மஞ்சப்பையில் வைத்திருந்தார்கள். பணத்தை வாங்கியதும் ஓரமாகப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்கள். இதற்குத் துணி சோப்புத் தூளைக் கரைக்காதீர்கள், அடிக்கடி பட்டால் தோல் வெடித்துவிடும். பிளீச்சிங் பவுடர் தரைக்கும் கைப்பிடிகளுக்கும் மட்டும். அதைக் கையிலும் தேய்க்கக் கூடாது, ஆசிட்டோடும் ஸ்பிரிட்டோடும் கலக்கவும் கூடாது.