அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 விருந்துக்குத் தோட்டத்து மேசைக்கு விரிப்பும் நாப்கினும் வீட்டிலேயே தைக்க எவ்வளவு துணி வேண்டும்? சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

சாயத்தை முதலில் பார்த்துவிடலாம். அதில் பிசகினால் மற்ற வேலையெல்லாம் வீண்.

சிவப்பு, கருநீலத் துணிகளை வெட்டுவதற்கு முன்பே தனித்தனியாக, சூடான தண்ணீரில் சோப்புத் தூள் போட்டுத் துவைத்துவிடுங்கள். நூலில் பிடிக்காமல் தங்கிப்போன உபரிச் சாயம்தான் பிறகு கசிகிறது. அதை வெளியேற்ற வேண்டுமே தவிர, உப்பும் வினிகரும் போட்டு உள்ளே நிறுத்த முடியாது. அலசிய துணியை ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை விழுந்தால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். மூன்று முறைக்குப் பிறகும் விழுகிறதென்றால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை அமெரிக்காவில் விற்ற காலம் ஒன்று உண்டு. சட்டைக்கு அது சரி, குளிர்பானக் குவளையின் ஈரம் வட்டம் வட்டமாக இறங்கும் மேசைக்குச் சரிவராது.

முன்கூட்டித் துவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். கீழே சொல்லும் அளவுகளில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

பெஞ்சு சேர்ந்தே வரும் ஆறடி மேசை பெரும்பாலும் 72 அங்குல நீளம், 30 அங்குலத்துக்குள் அகலம் இருக்கும். டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நாலு பக்கமும் 5 அங்குலத் தொங்கல் போதும். கூடினால் உட்காருபவர் முழங்காலில் மாட்டி, எழும்போது தட்டோடு இழுத்துக்கொண்டு வரும். தைத்து முடித்த அளவு 82 × 40, வெட்டும் அளவு 84 × 42. 44 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) பருத்தியில் இரண்டரை கஜம் வாங்கினால் ஒட்டுப்போடாமல் வந்துவிடும். கரையை வெட்டிய பிறகு 42 தேறாவிட்டால் தொங்கல் கொஞ்சம் குறையட்டும், பரவாயில்லை. வெள்ளைத் துணி வேண்டுமென்றால் கெட்டியானதாகப் பாருங்கள், மெல்லியதில் மரத்தின் பழுப்பு தெரியும். என் தேர்வு வெள்ளையே அல்ல: விரிப்பு முழுக்கக் கருநீலம், சிவப்பும் வெள்ளையும் நாப்கினிலும் நடுப்பட்டையிலும் மட்டும். மூன்று நிறமும் சம அளவில் வந்தால் மேசை கட்சி மேடை மாதிரி ஆகிவிடும்.

12 நாப்கினுக்கு 18 அங்குலச் சதுரங்கள் வெட்ட மூன்றேகால் கஜம் வேண்டும். பன்னாவில் இரண்டு சதுரம் போக மிஞ்சும் நாடாவை எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது. பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. ஓரத்தை அரை அங்குலம், மறுபடி அரை அங்குலம் மடித்து இஸ்திரி போட்டுவிட்டுப் பிரியுங்கள். மூலையில் உள்மடிப்புக் கோடுகள் இரண்டும் சந்திக்கும் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி வழியாக மூலையைச் சாய்வாக உள்ளே மடித்து, அந்த மடிப்பிலிருந்து கால் அங்குலம் மட்டும் விட்டு முனையை வெட்டிவிட்டு, இரண்டு பக்கத்தையும் திரும்ப மடித்தால் மூலை சாய்கோடாகச் சேரும். முனையை வெட்டாமல் மடித்தால் ஏழெட்டு அடுக்கு சேர்ந்து ஊசி முறியும். 80 எண் ஊசி, 2.5 மில்லிமீட்டர் தையல் நீளம். நட்சத்திரம் ஒட்டித் தைக்க ஆசையென்றால் விரிப்பில் வையுங்கள். வாய் துடைக்கும் துணியில் அது விறைப்பாக உறுத்தும்.

விரிப்பின்மேல் நடுவில் ஓடும் நீளப் பட்டையும் வேண்டுமென்றால், அதற்கு இரண்டரை அங்குல நாடாக்கள் ஏழு: நாலு சிவப்பு, மூன்று வெள்ளை, ஓரங்களில் சிவப்பு. கால் அங்குலத் தையலில் சேர்த்து ஓரம் மடித்தால் சுமார் 13½ அங்குல அகலம் வரும். இங்கே கை தவறக் கூடாது. ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே ஆறு தையலில் முக்கால் அங்குலம் போய்விடும். தையல் ஓரங்களைச் சிவப்புப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையின் அடியில் சிவப்புக் கோடு நிழலாடும்.

ஒன்று கவனம்: கொடியையே விரிப்பாகப் போடாதீர்கள். அமெரிக்கக் கொடிச் சட்டம் கொடியை அலங்காரத் தொங்குதுணியாக்குவதையும், கைக்குட்டையில் பூத்தையலாகப் போடுவதையும், காகித நாப்கினில் அச்சிடுவதையும் கூடாதென்கிறது. மீறியதற்காக யாரும் பிடித்துப்போக மாட்டார்கள், கடைகளில் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் விருந்தாளிகளில் பழைய ராணுவக்காரர் இருந்தால் முகம் சுளிப்பார். நட்சத்திரம் தனியாக, கோடு தனியாக வந்தால் சிக்கலில்லை. முன்பக்கம் மூவண்ணத் தோரணத்துணி கட்டினால் நீலம் மேலே, வெள்ளை நடுவே, சிவப்பு கீழே என்பது முறை.

காற்றுக்கு, மிஞ்சிய நாடாவில் நாலு சிறு பைகள் தைத்து விரிப்பின் மூலைகளுக்கு உள்பக்கம் வைத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து துருப்பிடிக்காத வாஷர் போடுங்கள். பையின் வாயைத் தைத்து மூடாதீர்கள், துவைக்கும்போது எடுக்க வேண்டும். சாதா இரும்பு வாஷர் ஒரே துவைப்பில் துருக்கறை விடும். கம்பி மத்தாப்பை மேசைப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். எரிந்து முடிந்த கம்பியின் சூடே துணியைப் பொசுக்கும், அது போய்ச்சேர வேண்டிய இடம் தண்ணீர் வாளி.

கடைசியில் கறை. ஹாட் டாக்மேல் ஊற்றும் மஞ்சள் கடுகுச் சாந்தில் இருப்பது நம்ம மஞ்சள்தான். சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். துவைத்து நல்ல வெயிலில் ஈரமாகவே காயப்போட்டால் ஒன்றிரண்டு நாளில் வெளிறும். மஞ்சளோ, வெள்ளையில் ஏறிய சிவப்போ, கறை போனதா என்று பார்க்காமல் டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் இறுகிய கறையை எடுப்பது பெரும்பாடு.