வட்டத்துக்கு வெளியே கிடக்கிற நிலம்

தம்பி, விமானத்திலிருந்து பார்த்தப்போ பச்சை வட்டம் வட்டமா வயல் தெரிஞ்சுது, மத்த இடமெல்லாம் காஞ்சு கிடக்குது, இவ்வளவு நிலத்தை ஏன் சும்மா போட்டிருக்காங்க, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துக் கார்டன் சிட்டிக்கு வெளியே மலிவா அஞ்சு ஏக்கர் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. 14 வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்ட அதே கேள்வி.

சும்மா கிடக்கல. மேற்கு கன்சாஸ்ல இந்தப் பக்கம் வருஷத்துக்கு 18, 19 அங்குலம்தான் மழை. எங்க கோவில்பட்டிக் கரிசக்காட்டுல இதைவிட அதிகமாவே பெய்யும். அதனால மானாவாரில ஒரு வெள்ளாமை எடுத்தா, அப்புறம் பல மாசம் தரிசா விட்டு ஈரம் சேர்த்துதான் கோதுமை விதைப்பாங்க. சில நிலத்துல புல்லை நட்டு அப்படியே விட்டுவெக்க அரசாங்கமே வாடகை கொடுக்குது. 1985லேருந்து அந்தத் திட்டம் இருக்கு. 1930கள்ல கண்டபடி உழுது, மண்ணு புழுதியா வானத்தை மறைச்ச ஊர் இது. பயம் இருக்கத்தானே செய்யும்?

வட்டம் எப்படின்னா, கால் மைல் நீளக் குழாய் சக்கரத்து மேல நின்னு நடுப்புள்ளியைச் சுத்தி வரும். 160 ஏக்கர் சதுரத்துல சுமார் 125 ஏக்கர் நனையும், நாலு மூலையும் காயும். தண்ணி ஓகலாலாங்கிற நிலத்தடி நீர்ப்படுகையிலேருந்து வருது. மழை ஊறி நிரம்புறதைவிட வேகமா இறைக்கிறாங்க. எங்க வீட்டுக்கு வடக்கே ஒரு வட்டம், நான் வந்த புதுசுல முழுசும் மக்காச்சோளம். இப்போ கிணறு இளைச்சுப்போய் பாதி வட்டம்தான் பாயுது. மறுபாதில சோளம், செவந்த கதிர். மாட்டுத்தீவனத்துக்குப் போகும், நாம தின்ன ஆசைப்பட்டு பிரயோஜனமில்ல.

நிலம் வாங்குறதுன்னா ஏக்கர் விலையை மட்டும் பார்க்காதீங்க. வீட்டுக் கிணத்துக்கும் கொல்லைத் தோட்டத்துக்கும் தடையில்ல. வயலுக்குப் பாய்ச்சணும்னா தனியா தண்ணி உரிமை வேணும். கன்சாஸோட 1945 சட்டப்படி தண்ணி உரிமையை முந்தி வாங்கினவனுக்குத்தான் முதலிடம், பஞ்சம் வந்தா பிந்தினவன் நிறுத்தணும். உரிமை எந்த வருஷத்துது, கிணறு நிமிஷத்துக்கு எத்தனை காலன் தருதுன்னு கேளுங்க.

இன்னொண்ணு. விக்கிறவங்க இடத்தைக் காத்து இல்லாத காலைலதான் காட்டுவாங்க. நீங்க ஜூலைல ஒரு சாயங்காலம், தெற்குக் காத்து அடிக்கிறப்போ போய் பத்து நிமிஷம் நில்லுங்க. மைல் கணக்குல தள்ளி இருக்கிற மாட்டுப்பட்டி எந்தத் திசைன்னு மூக்கே சொல்லிடும். நான் நிக்காம கையெழுத்துப் போட்டவன்.