கொத்தாமல் பூப்பாத்தி போட முடியுமா?

திருமங்கலம் பக்கம் கரிசல் மண், வெயிலில் கல்லாய் இறுகுகிறது, கொத்தாமல் பூப்பாத்தி போட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம்.

ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் அடுக்கு படிந்து நடத் தயாராகிவிடும். அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். உள்ளே கால் வைக்காமல் கை எட்ட வேண்டும். புல்லைத் தரையோடு அறுத்து மண்ணை நனையுங்கள். டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து, அழுத்தினால் நீர் கசியும் அளவுக்கு நனைக்கவும். மேலே 2 அங்குலம் மட்கிய சாணம், 4 அங்குலம் காய்ந்த வேப்பிலை, புங்க இலை, கடைசியாக 3 அங்குலம் தொழுவுரம் கலந்த செம்மண்.

நம்ம பக்கம் இதைக் கெடுப்பது பெரும்பாலும் கரையான்தான். அட்டை காய்ந்தால் வந்துவிடும், ஆகவே ஈரம் விடாதீர்கள். விரிக்கும் முன் 10 சதுர அடிக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் தூவுங்கள். கோரை மட்டும் அட்டையைக் குத்திக்கொண்டு வரும். ஊசிபோல் முளை தெரிந்ததுமே, ஈரத்தோடு, கிழங்கோடு பிடுங்குங்கள். பச்சைச் சாணம் கூடவே கூடாது, சூட்டில் வேர் கருகும்.

செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லிக்கு இந்த ஆழம் போதும். மல்லிகை பல வருடம் நிற்கும் செடி. அதற்குக் குழி வெட்டித்தான் நட வேண்டும்.