கேள்வி பதில்: சூழல் பணிக்கு நிதி திரட்டுதல்

சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் சிறு அமைப்புகள் அக்கம்பக்கத்தாரிடம் நிதி திரட்டுவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அப்படியோர் அமைப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, குளக்கரையில் மரம் வளர்க்க நிதி வேண்டி, ‘பூமியைக் காப்போம்’ என்று துண்டறிக்கை அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். பணம் ஏன் வரவில்லை?

பதில்: பூமி மிகப் பெரியது, படிப்பவரின் மனக்கண்ணில் எதுவும் தோன்றாது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் டெஸ்வோஸ்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும், எண்ணெய்க் குட்டைகளில் சிக்கி மடியும் வலசைப் பறவைகளைக் காக்க எவ்வளவு தரச் சம்மதம் என்று மூன்று குழுக்களிடம் கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் என்றும், அடுத்ததிடம் 20,000 என்றும், மூன்றாவதிடம் 2,00,000 என்றும் சொல்லப்பட்டது. கிடைத்த சராசரி விடைகள் முறையே 80, 78, 88 டாலர். பறவைகள் நூறு மடங்கானபோதும் தருவதாகச் சொன்ன தொகை ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆகவே எந்தக் கரை, எத்தனை கன்று, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார், ஒரு கன்றுக்கு மொத்தச் செலவு என்ன என்று எழுதுங்கள்.

கேள்வி: கையில் ஒன்றுமில்லாதபோதே பொது அறிவிப்பு விடலாமா?

பதில்: விடாதீர்கள். ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரெய்லி என்ற பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு மையத்துக்குக் கணினி வாங்க நன்கொடை கேட்டு அனுப்பிய கடிதங்களை வைத்தே அது செய்யப்பட்டது. தேவையான தொகையில் 10 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்ற கடிதத்தைக் காட்டிலும், 67 விழுக்காடு சேர்ந்துவிட்டது என்ற கடிதம் ஏறத்தாழ ஆறு மடங்கு பணத்தைக் கொண்டுவந்தது. பாதியில் நின்றுபோகாது என்று தெரிந்த வேலைக்குத்தான் மனிதர்கள் கை நீட்டிக் கொடுக்கிறார்கள். முதலில் உங்கள் செயற்குழுவினர் கொடுக்கட்டும். தான் கொடுக்காத ஒன்றைப் பிறரிடம் கேட்கும்போது குரல் கம்முவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தானும் தருவதாக ஒரு பெரியவர் சொல்கிறார். மூன்று மடங்காகத் தரும்படி கேட்கலாமா?

பதில்: சமமாகத் தந்தாலே போதும். டீன் கார்லனும் முன்சொன்ன லிஸ்ட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஈட்டுத்தொகை உண்டு என்ற அறிவிப்பே நன்கொடையைக் கூட்டியது. அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கியதால் கூடுதல் பயன் இல்லை. மிச்சத்தை அவர் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மிகச் சிறு தொகை தருவோர் பெயரையும் வெளியிட வேண்டுமா அம்மா? பட்டியல் நீண்டுவிடுமே.

பதில்: (நான் அம்மா இல்லை, ஐயா, இருக்கட்டும்.) நீளட்டும். சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் நின்றபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில் வேண்டுகோள் விடுத்து, எவ்வளவு சிறிய தொகை தந்தவர் பெயரையும் அச்சிடுவதாக அறிவித்தார். சில மாதங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டச் செய்தார்கள். பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயர் வேண்டாம் என்பவரை மட்டும் விட்டுவிட்டு, தொகை வரிசையில் போடாமல் அகர வரிசையில் போடுங்கள்.

கேள்வி: நிர்வாகச் செலவை வெளியே சொன்னால் முகம் சுளிப்பார்களே?

பதில்: சொல்லாமல் விட்டதன் விலையை நான் அறிவேன். ஒருமுறை, வரும் பணம் முழுவதும் கன்றுக்கே என்று வாக்களித்துவிட்டோம். 200 கன்று நட்டோம். கூண்டுக்கும் குழாய்க்கும் காவலுக்கும் தனியாகப் பணம் இல்லை, கன்றுக்கென வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடவும் உரிமை இல்லை. கோடை முடிந்து வரிசை வரிசையாக எண்ணியபோது 61 குச்சிகள் காய்ந்து நின்றன. விரலால் தொட்டால் முறிந்தன. அந்த எண்ணிக்கையையும் காரணத்தையும் மறைக்காமல், கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். கோபித்துக்கொண்டவர் இருவர்; பராமரிப்புக்கென்று மீண்டும் கொடுத்தவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. கென்யாவில் வாங்கரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கமும், பிழைத்து நிற்கும் கன்றைக் கணக்கிட்டே பெண்களுக்குச் சிறு தொகை தந்தது. நடுவதற்கு ஒரு பங்கு கேட்டால், காப்பதற்கு இரண்டு பங்கு கேளுங்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: எங்கள் ஓடையில் கழிவு விடும் ஆலையே பெருந்தொகை தர முன்வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஆலை கழிவு விடுவதை நிறுத்தும்வரை வாங்காதீர்கள். வாங்கிய மறுநாள் ஓடையைப் பற்றி உங்களால் பேச முடியாது.

கேள்வி: உண்டியல் பணத்தை யார் எண்ணுவது?

பதில்: உறவினர் அல்லாத இருவர், பணம் போட்டவர்கள் பார்க்கும் இடத்திலேயே எண்ணி, ஒரே தாளில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடுத்த வேலை நாளில் முழுத்தொகையும் வங்கிக்குப் போக வேண்டும்; அதிலிருந்து வண்டிச் செலவுக்குக்கூட எடுக்கக் கூடாது. அந்தத் தாளை வங்கிச் சலானோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.