செம்பு என்று சொல்லி அலுமினியம்: வாசகர் கேள்வி-பதில்

கே: பைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். ரவுட்டரிலிருந்து மகனின் கொம்பியூட்டருக்கு 12 மீற்றர் கேபிள் வேண்டும். கடையில் கேட் 5ஈ, கேட் 6, கேட் 7 என்று மூன்று தரங்களில் இருக்கின்றன. விலை கூடியதுதான் நல்லது என்கிறார்கள். (களுவாஞ்சிக்குடி)

ப: கேட் 5ஈ போதும். 100 மீற்றர் தூரம் வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6க்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அதை எடுங்கள். கேட் 7 என்று எழுதி, சாதாரண ப்ளக் மாட்டி விற்பதைத் தொடவே வேண்டாம். அந்தத் தரத்துக்கென்று வகுத்த ப்ளக் வேறு.

கே: 100 எம்பி பக்கேஜ் என்றார்கள். டவுன்லோட் 12க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா? (செங்கலடி)

ப: இல்லை. அவர்கள் சொன்னது மெகாபிட், நீங்கள் பார்ப்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட், ஆகவே 100ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள்.

கே: மகன் ஏ.எல். படிக்கிறான். அவன் வாப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய காசில் 30 மீற்றர் கேட் 6 கேபிள் வாங்கி, சீலிங்குக்கு மேலால் இழுத்தோம். இரண்டு மாதம் ஆகவில்லை, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. பார்க்க வந்த தம்பி உள்ளே இருப்பது அலுமினியம் என்கிறார். வயருக்கு வொரன்டி இல்லை என்று கடையில் கையை விரிக்கிறார்கள். (சம்மாந்துறை)

ப: தங்கச்சி, உங்களில் பிழை இல்லை. இந்த வயரால் நானும் நொந்திருக்கிறேன். கல்லடியில் வீடு கட்டியபோது, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு சுருளை வாங்கிச் சுவருக்குள் குழாய் வழியாக இழுத்தேன். சில மாதங்களில் ப்ளக்கின் கழுத்தடியில் ஒரு கம்பி முறிந்தது. வெட்டிப் புது ப்ளக் போட்டேன். திரும்பவும் முறிந்தது. நாலாவது முறை வெட்டியபோது வயர் ரவுட்டருக்கு எட்டவில்லை. முழுவதையும் உருவி எறிந்துவிட்டுச் செம்பு வயர் போட்டேன். காசு இரண்டு மடங்கு போனது.

அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு, அவ்வளவுதான் விஷயம். அதே தடிப்பில் மின்தடை செம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு மூன்று தடவை மடக்கினால் முறியும். கேட் 5ஈ, கேட் 6 என்ற தரங்கள் முழுச் செம்புக் கம்பியைத்தான் கேட்கின்றன. ஆகவே அலுமினிய வயரில் கேட் 6 என்று அச்சடிப்பதே பொய். சிலவற்றின் உறையில் சீசீஏ (செம்பு பூசிய அலுமினியம்) என்று பொடி எழுத்தில் இருக்கும். பலவற்றில் அதுவும் இராது.

வாங்கும்போதே ஒரு முனையை வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்பியின் மேற்பரப்பை பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டிய இடமும் செந்நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளி போல மினுங்கினால் அலுமினியம். சுரண்ட விடாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். பில்லின் பிரதி, உறையின் எழுத்துத் தெரியும் படம், சுரண்டிய துண்டு மூன்றையும் சேர்த்து வையுங்கள். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. "வொரன்டி இல்லை" என்பது இதற்குப் பதிலே அல்ல. நீங்கள் கேட்டது கேட் 6, தந்தது வேறு பொருள்.

எல்லாருக்கும் சொல்கிறேன்: பில்லில் "வயர் 1" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "கேட் 6, முழுச் செம்பு, 30 மீற்றர்" என்று எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

கே: லேப்டொப்பில் லேன் துளை (ரவுட்டர் கேபிளைச் செருகும் இடம்) இல்லை. ஒன்லைனில் வாங்கிய யூஎஸ்பி அடப்டர் 100ஐத் தாண்டவில்லை. முன்பு வாங்கிய இரண்டும் இப்படித்தான். எந்தக் கம்பனி நல்லது? (காத்தான்குடி)

ப: தம்பி, மூன்று தடவை வாங்கியிருக்கிறீர்கள், ஒரு தடவையாவது விவரத்தை வாசித்தீர்களா? "10/100" என்று போட்டிருந்தால் 100தான் வரும், எந்தக் கம்பனி செய்தாலும். "10/100/1000" என்றும் யூஎஸ்பி 3 என்றும் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். யூஎஸ்பி 2இன் எல்லையே 480 மெகாபிட். லேப்டொப்பின் துளையும் யூஎஸ்பி 3ஆக இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

கே: ஐப்பசி இடிமின்னலில் பழைய கொம்பியூட்டரின் லேன் துளை செத்துவிட்டது. மின்சார ப்ளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தோம். புதுக் கார்ட் வாங்கலாமா? (அக்கரைப்பற்று)

ப: வாங்கலாம், மதர்போர்ட்டை மாற்றத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து ஸ்லொட்டுகளைப் போனில் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். குட்டையான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் இருந்தால் அதற்குரிய கிகாபிட் கார்ட். நீளமான பழைய பிசிஐ மட்டும்தான் என்றால் அதற்குரியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மின்னல் தொலைபேசி வயர் வழியாக ரவுட்டருக்கு வந்து, லேன் கேபிளால் உள்ளே போகும். இடி கேட்கத் தொடங்கும் முன்பே அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கே: ரவுட்டர், கார்ட், கேபிள் எல்லாம் கிகாபிட். கொம்பியூட்டர் 100 என்றுதான் காட்டுகிறது. (திருக்கோவில்)

ப: 100க்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் தொட வேண்டும். உங்களுடையதில் ஏதோ ஒன்று தொடவில்லை. முதலில் வேறொரு கேபிள் போட்டுப் பாருங்கள். அதில் 1000 காட்டினால், பழையதன் இரு முனைகளிலும் ப்ளக்கை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.