அமெரிக்கா–சீனா சண்டை: நாஸ்டாக் ஃபண்டை விற்றுத் தங்கம் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 39. சம்பளம் கையில் 58,000 ரூபாய். மனைவி வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு மெஷின் போட்டு பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறார். வேலை பெரும்பாலும் எங்கள் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. வீட்டுக் கடன் தவணையும் சேர்த்து மாதச் செலவு 52,000. 2020-லிருந்து எஸ்.ஐ.பி.யாக மாதாமாதம் போட்ட, அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் நாஸ்டாக் 100 ஃபண்ட் இப்போது 6.4 லட்சம். 2021 தொடக்கத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து ஹாங் செங் ஃபண்டில் (ஹாங்காங் சந்தைக் குறியீடு, பெரும்பாலும் சீனக் கம்பெனிகள்) போட்ட 1.5 லட்சம் இப்போதுதான் 1.6 லட்சம் ஆகியிருக்கிறது. எஃப்.டி. 4 லட்சம். மனைவியின் நகை 35 பவுன். "ரெண்டு பேரும் அடிச்சுக்கறப்ப ரெண்டு ஊர்லயும் பணத்தை வெச்சிருக்கறியே, டாலரே கவிழப் போகுது, எல்லாத்தையும் வித்துத் தங்கம் வாங்கு" என்கிறார் மச்சான். சீனாவுக்கு வரி போட்டால் ஆர்டர் திருப்பூருக்கு வரும், நகையை அடகு வைத்து இன்னும் நான்கு மெஷின் வாங்கலாம் என்கிறார் மனைவி. என்ன செய்யலாம் சார்?

பதில்: முதலில் மச்சான் சொன்ன தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பவுனுக்கு ஒரு லட்சம் என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும் உங்கள் வீட்டு பீரோவில் 35 லட்சம் இருக்கிறது. ஃபண்ட், எஃப்.டி. எல்லாம் சேர்த்தால் 12 லட்சம். வீட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் சேமிப்பில் முக்கால் பங்கு ஏற்கனவே தங்கம்தான். நகையை யாரும் முதலீட்டுக் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் மச்சானுக்கும் அது தெரியவில்லை.

தங்கம் ஏறியதற்கும் இந்தச் சண்டைக்கும் தொடர்பு உண்டு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் முடக்கின. நாளைக்கு நமக்கும் இதே கதிதானோ என்று சீனா உட்படப் பல நாடுகள் யோசித்தன. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ஆனால் இதே தங்கம் 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டுவிட்டு 2015 கடைசியில் 1,050 டாலர் வரை இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது வருடக் கதையை நகைக்கடை விளம்பரத்தில் பார்க்க முடியாது.

டாலர் கவிழும் என்பதைப் பற்றி. சீனாவிடம் ஒரு காலத்தில் 1.3 டிரில்லியன் டாலருக்கு மேல் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்கள் இருந்தன. பத்து வருடத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று அதை 0.8 டிரில்லியனுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. டாலர் கவிழவில்லை. உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் இன்னும் பாதிக்கு மேல் டாலர். சீனப் பணமான யுவான் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். சீனா தன் நாட்டுப் பணம் வெளியே போகாதபடி கதவைப் பூட்டி வைத்திருக்கும் வரை யுவானை யார் நம்பிச் சேர்த்து வைப்பார்கள்? டாலரின் பங்கு மெல்லத் தேயலாம். அது வேறு. மச்சான் சொல்கிற மாதிரி ஒரு காலையில் கவிழ்வது வேறு.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். 2018 ஜூலையில் 34 பில்லியன் டாலர் சீனப் பொருட்களுக்கு 25 சதவீத வரியோடு ஆரம்பித்தது. 2022 அக்டோபரில் உயர்ரக சிப்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா தடுத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரியை 145 சதவீதத்துக்குக் கொண்டுபோனது, சீனா 125. அதே மாதம் ஏழு வகை அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டது. அவற்றால் செய்யும் காந்தம் கிடைக்காமல் நம் ஊர் வண்டி கம்பெனிகள்கூடத் திண்டாடின. இருவர் கையும் மற்றவர் குரல்வளையில் இருந்ததால்தான் மே 12-ஆம் தேதி ஜெனிவாவில் 30-க்கும் 10-க்கும் இறங்கி வந்தார்கள். அக்டோபரில் மறுபடி 100 சதவீத மிரட்டல். அந்த மாதமே தென்கொரியாவில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்துக் கைகுலுக்கல். நான் எழுதும்போது இருக்கும் வரி விகிதம் நீங்கள் படிக்கும்போது இருக்குமா என்பதே சந்தேகம்.

இந்த இழுபறியில் விற்பதும் வாங்குவதும் எப்படி முடியும் என்பதற்கு 2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை ஒரு நல்ல பாடம். அன்று ஹாங் செங் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 1997-க்குப் பிறகு அப்படி ஒரு நாள் இல்லை. நம் சென்செக்ஸ் 2,226 புள்ளி போனது. காலை ஒன்பதே காலுக்கு டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்து வருடப் பழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் போனில் அழைத்தார். "எல்லாத்தையும் வித்துடுங்க சார், பேச்சே வேண்டாம்." நாஸ்டாக் ஃபண்டையாவது விடுங்கள் என்று வாதாடினேன், கேட்கவில்லை. விற்றுக் கொடுத்தேன். ஏப்ரல் 9 அன்று டிரம்ப் சீனா தவிர மற்ற நாடுகளுக்குப் புது வரியில் 90 நாள் அவகாசம் கொடுத்ததும் நாஸ்டாக் ஒரே நாளில் 12 சதவீதம் எகிறியது. ஜூன் முடிவதற்குள் அமெரிக்கச் சந்தை புது உச்சம் தொட்டது. அவர் திரும்ப உள்ளே வரவேயில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அவர் வர முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உங்களுக்கும் பொருந்தும். வெளிநாட்டுப் பங்குகளில் போட மொத்த மியூச்சுவல் ஃபண்ட் துறைக்கும் 7 பில்லியன் டாலர்தான் உச்சவரம்பு. அது 2022 தொடக்கத்திலேயே நிரம்பியது. அதிலிருந்து பல ஃபண்டுகள் புதுப் பணத்தை வாங்குவதும் நிறுத்துவதுமாகத்தான் இருக்கின்றன. இன்று வெளியே வந்தால் நாளை கதவு திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பங்குச் சந்தையில் பங்கு போலவே கைமாறும் ஃபண்டான இ.டி.எஃப். வாங்கலாமே என்றால், பல நாட்களில் அது உண்மை மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கிறது. நூறு ரூபாய்ச் சரக்கை நூற்றுப்பத்துக்கு வாங்குவது மாதிரி.

ஆகவே நாஸ்டாக்கைத் தொடவே வேண்டாமா? கொஞ்சம் தொட வேண்டும். காரணம் சீனா இல்லை, உங்கள் வேலை.

திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. உங்கள் கம்பெனியில் அது இன்னும் அதிகமாகவும் இருக்கலாம். 2025 வசந்த காலத்தில் சீனாவுக்கு 145 என்றதும் "சீனா ஆர்டர் நமக்குத்தான்" என்று ஊரே பேசியது. ஆகஸ்ட் 27-ல் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்ததில் நமக்கே மொத்தம் 50 சதவீதம் விழுந்தது. அந்தத் தேதிக்குள் சரக்கைக் கப்பலேற்ற ராத்திரி ஷிஃப்ட் ஓட்டியதும், பிறகு பையர் "ஹோல்ட்" என்று ஒற்றை வரி மெயில் அனுப்பியதும் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்துக்குள் அதே சண்டை ஒரு முறை வரமாகவும் ஒரு முறை சாபமாகவும் வந்தது. உங்கள் சம்பளம், மனைவியின் பவர் டேபிள், நாஸ்டாக் மூன்றும் அமெரிக்கக்காரன் பர்ஸைத் திறப்பதை நம்பித்தான் நிற்கின்றன. அங்கே மந்தம் வந்தால் மூன்றும் ஒரே மாதத்தில் படுக்கும். அப்போது வீட்டுக் கடன் தவணை கட்ட நாஸ்டாக்கை அடிமாட்டு விலைக்கு விற்க நேரக் கூடாது.

மற்றவர்களுக்கு ஆறு மாதச் செலவைத் தனியாக வையுங்கள் என்பேன். உங்களுக்குப் பன்னிரண்டு மாதம். 52,000 வீதம் 6.24 லட்சம். இருப்பது 4 லட்சம், குறைவது 2.24 லட்சம்.

இந்தக் குறையை நிரப்ப ஹாங் செங்கை முழுதாக விற்றுவிடுங்கள். சீனா தோற்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் குறியீடு 2018 ஜனவரியில் 33,000; 2022 அக்டோபர் கடைசியில் 15,000-க்கும் கீழே. இடையில் சீனப் பொருளாதாரம் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. 2020 நவம்பரில் அலிபாபாவோடு சேர்ந்த நிதி நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டைக் கடைசி நேரத்தில் நிறுத்தியதும், 2021 ஜூலையில் டியூஷன் கம்பெனிகள் லாபமே பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டதும் பெய்ஜிங்தான், வாஷிங்டன் இல்லை. நாடு வளரும், பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை அங்கே வரலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். நீங்கள் வீடியோவைப் பார்த்து வாங்கினீர்கள்.

24 மாதம் தாண்டிவிட்டதால் லாபமான 10,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம், அதாவது 1,250 ரூபாய் வரி, அதன்மேல் செஸ். மீதிக் குறைக்கு நாஸ்டாக்கில் 65,000 முதல் 70,000 வரை எடுங்கள். பழைய யூனிட்கள்தான் முதலில் போகும். இந்த வகை ஃபண்டுக்கு உள்நாட்டுப் பங்குகளுக்கு இருக்கும் 1.25 லட்ச விலக்கு கிடையாது, அதையும் கணக்கில் வையுங்கள். பாக்கி நாஸ்டாக் அப்படியே இருக்கட்டும். இனி மாதாமாதம் போடுவதை மட்டும் சென்செக்ஸ், நிஃப்டி மாதிரிக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் உள்நாட்டு இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். அமெரிக்க பையரை நம்பாத ஒரு பணம் வீட்டில் இருக்க வேண்டும்.

மெஷின் விஷயம். நகையை அடகு வைத்து நான்கு வேண்டாம். வட்டி மாதாமாதம் ஓடும், ஆர்டர் அப்படி ஓடாது. அதைவிட முதலில், இப்போதிருக்கும் ஆறு மெஷினில் வரும் பீஸ்களில் எத்தனை உங்கள் கம்பெனியுடையவை என்று மனைவியை ஒரு மாதம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசி என்றால், உள்நாட்டு பனியன், ஜட்டி தைக்கக் கொடுக்கும் இன்னொரு இடத்தைப் பிடிக்கட்டும். கூலி பீஸுக்குக் கொஞ்சம் குறையும், ஆனால் டிரம்ப் ட்வீட் போட்டால் நிற்காது. அந்த வேலை ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் ஒரு ஓவர்லாக், ஒரு ஃபிளாட்லாக் தையல் மெஷினை செகண்ட் ஹேண்டில் கைக்காசில் வாங்கலாம்.