‘எஸ்’ இல்லாத 1990 சதம்: கொடுத்த காசு திரும்பி வருமா?

கேள்வி (உப்புவெளி வாசகர்): முகநூலில் நாணய வியாபாரம் செய்யும் கொழும்புக்காரர் ஒருவரிடம் அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு ஒரு சத புரூஃப் நாணயம் (சேகரிப்பாளர்களுக்கென்று விசேஷமாக அடிப்பது) வாங்கினேன். ‘எஸ்’ எழுத்து விடுபட்ட அச்சுப் பிழை, ஒரிஜினல் என்று வட்ஸ்அப்பில் எழுதித் தந்தார். 1,80,000 ரூபா வங்கியில் போட்டேன். இப்போது பழைய சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு, இது மினுக்கிய சாதாரணச் சதம் என்கிறார். விற்றவரோ, படம் பார்த்துத்தானே வாங்கினீர்கள், விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார். வாங்கி ஐந்து வாரம். பேசாமல் வேறு யாருக்காவது விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் வழக்கே அந்த நாணயத்தில்தான் நிற்கிறது, அதனால் முதலில் அதைப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த புரூஃப் சதத்தில் ஆண்டுக்குக் கீழே, அந்த நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ இருக்க வேண்டும். 1990இல் அந்த எழுத்தில்லாத அச்சு ஒன்று தவறிப் புகுந்து, அதில் அடித்த கொஞ்ச நாணயம் வெளியே போய்விட்டது. புரூஃப் என்பது மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடித்து, கவனமாகச் சோதித்துப் பெட்டியில் போடுவது, அந்தச் சோதனையையும் தாண்டி ஒரு பிழை வெளிவருவது அபூர்வம் என்பதால்தான் சேகரிப்பாளர்கள் அதற்கு அப்படி ஆசைப்படுகிறார்கள். ஆனால் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கு அடித்த 1990 சதத்தில் எந்த எழுத்துமே கிடையாது, அது கோடிக்கணக்கில் இருக்கிறது! அதில் ஒன்றை மினுக்கினால் ‘எஸ்’ இல்லாத புரூஃப் மாதிரி ஒன்று கிடைத்துவிடும். இரண்டும் 2.5 கிராம்தான், தராசும் உதவாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். உண்மையான புரூஃபில் விளிம்பு கூராக இருக்கும், உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பகுதி முகம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக இருக்கும். மினுக்கியதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, இடுக்குகளில் மயிரிழைக் கீறல்கள் ஓடும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். படம் பார்த்தீர்கள் என்பது அதற்குப் பதில் ஆகாது. பாரை மீன் என்று விலை பேசிச் சூடையைக் கட்டிக் கொடுத்தவர் ‘திரும்ப எடுப்பதில்லை’ என்று சொல்வதை யார் ஏற்பார்? அவர் ‘பிழை நாணயமாக இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அபிப்பிராயம், வாதாடுவது கஷ்டம். ஆனால் உங்களுக்கு ‘இது புரூஃப், ஒரிஜினல்’ என்றே எழுதியிருக்கிறார். 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், வட்ஸ்அப்பில் வந்தது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. அந்த உரையாடலை அழிக்காமல் போனிலேயே வைத்திருங்கள், ஸ்க்ரீன்ஷொட் மட்டும் போதாது.

இதில் தாமதம்தான் ஆபத்து. நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும், அப்புறம் நட்டஈடு மட்டும்தான் கேட்கலாம். ஆகவே, பொருளை ஏற்கவில்லை, காசைத் திருப்பித் தாருங்கள் என்று இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதுங்கள். காசு வரும்வரை நாணயத்தை அனுப்ப வேண்டாம், மறுத்துவிட்டேன் என்று அறிவித்தாலே போதும், திருப்பி அனுப்ப வேண்டிய கடமை உங்களுக்கில்லை. நாணயத்தைத் துடைக்கவும் வேண்டாம், அந்தக் கீறல்கள்தான் உங்கள் சாட்சி. சேகரிப்பாளரின் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் பீசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி நாணயங்களைச் சோதித்துத் தரப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் முடிவையும் எடுங்கள்.

அவர் வியாபாரமாகவே விற்பவர் என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடலாம், அதற்கு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறிய தொகைத் தகராறுகள் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், உங்களுடையதும் அந்த எல்லைக்குள் வருமா என்று திருகோணமலையிலேயே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொலிஸில் ஏமாற்று முறைப்பாடு செய்யலாம்தான், ஆனால் விற்கும்போதே அவருக்குப் பொய் என்று தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். அவரும் ஏமாந்து வாங்கியவராக இருந்தால் குற்றம் நிற்காது, உங்கள் காசுக்கான உரிமை மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொருவருக்கு விற்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். உண்மை தெரிந்தபின் அதே பெயர் சொல்லி விற்றால் தண்டனைச் சட்டக்கோவைப்படி ஏமாற்றியவர் நீங்கள்தான், அவர் மேல் நிரூபிக்கக் கஷ்டமான அந்த ‘தெரிந்தே’ உங்கள் மேல் சுலபமாக நிரூபணமாகிவிடும். விளம்பரம் ஏதும் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.